முத்தையாவுக்கு, அந்த நீலப் பந்தைப் பற்றி

அன்புள்ள முத்தையா,

உன் செய்தி வந்து பத்து நாள் ஆகிறது, பதில் எழுத இன்றைக்குத்தான் கை வந்தது. அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய், அதைப் படித்ததும் மனசு லேசாகிவிட்டது. அவர்கள் ஊற்றிய கம்மங்கூழைக் குடித்து வளர்ந்தவன் நான், நான் கேட்டதாகக் கட்டாயம் சொல். இங்கே இங்கிலாந்தில் எல்லாரும் சுகம். பெரியவளுக்கு லண்டனில் வேலை மாறியிருக்கிறது, சனி ஞாயிறு மட்டும் வருகிறாள். எனக்கு ரிட்டயர்மென்டுக்கு இன்னும் இரண்டு வருஷம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். போட்டோவில் வேலியோரம் நீல நிறத்தில் பந்து பந்தாக நின்றதே, அது என்ன செடி, விதை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். அதன் பெயர் எக்கினாப்ஸ். இங்கே பேச்சில் குளோப் திஸில், அதாவது உருண்டை முட்செடி, என்பார்கள். கிரேக்கத்தில் எக்கினோஸ் என்றால் முள்ளெலியாம், முள்ளெலி மாதிரித் தோற்றம் உள்ளது என்று பொருள். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. மானாவாரிக் காட்டில் பருத்தி மாருக்கு அடியில் ஒரு முள்ளெலி சுருண்டு கிடந்ததே, நீ அதைத் துண்டில் சுற்றி வகுப்புக்கே கொண்டுவந்து வாத்தியாரிடம் அடி வாங்கினாயே, அதே உருவம். நம்ம தென்மாவட்ட வறண்ட காட்டில் கிடக்கும் அந்த வகை தென்னிந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பது அப்போது நமக்குத் தெரியாது.

நான் வளர்ப்பது எக்கினாப்ஸ் ரிட்ரோ என்ற வகை. சொந்த ஊர் தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆசியா வரை, கல்லும் வெயிலுமான சரிவுகள். அரை ஆள் உயரத்துக்கு மேல், நல்ல செடியென்றால் நெஞ்சு வரை வரும். இலை ஆழமாகக் கிழிந்து ஓரமெல்லாம் முள்ளாக இருக்கும், மேலே கரும்பச்சை, திருப்பிப் பார்த்தால் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை. பூ ஒரு பெரிய எலுமிச்சை அளவு உருண்டை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது ஒரே பூ கிடையாது, நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் எல்லாத் திசையிலும் குத்திட்டு நிற்கின்றன. அவை உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி விரியும், அதனால் ஒரு வாரத்துக்கு மேல்பாதி பூத்தும் கீழ்பாதி மொட்டுமாக நிற்கும், எனக்கு அந்த வாரம்தான் ரொம்பப் பிடிக்கும். காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றால் ஒவ்வொரு பந்திலும் மூன்று நான்கு பம்பிள்பீ, மயிர் அடர்ந்த தடித்த தேனீ, மெத்தையில் படுத்த மாதிரி அசையாமல் கிடக்கும்.

முதலில் நான் இதைக் கொன்றேன் முத்தையா. அதை உனக்குச் சொல்லாமல் மேலே எழுத மனம் வரவில்லை. 2019 இலையுதிர் காலத்தில் மூன்று கன்று வாங்கினேன். எங்கள் வீட்டு மண் களி, கோடையில் நம்ம கரிசல் மாதிரியே வெடிக்கும், மழையில் காலை விட்டால் செருப்பு அதிலேயே நின்றுவிடும். நல்ல குழி தோண்டி, குதிரை எரு இரண்டு மூட்டை கொட்டி, பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரிப் பார்த்துப் பார்த்து நட்டேன். அடுத்த பிப்ரவரி, 2020, இந்த நாட்டில் பதிவு தொடங்கிய நாளிலிருந்து மிக அதிகமாக மழை பெய்த பிப்ரவரி. குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. மார்ச்சில் கிளறிப் பார்த்தேன், இரண்டு கன்றின் வேர் அழுகிய வாழைப்பழம் போலக் கையோடு வந்தது. குளிர் தாங்காமல் செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இது பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியைக்கூடத் தாங்கும் செடி. அதைக் கொன்றது குளிர்காலத்து ஈரம், அந்த ஈரத்தைக் குழிக்குள் பிடித்து வைத்தது நான் போட்ட எரு.

பிழைத்த மூன்றாவது கன்று இன்னும் பெரிய பாடம் சொன்னது. எருவைத் தின்று ஐந்தடிக்கு எழும்பியது, தண்டு சோளத்தட்டை மாதிரி தடித்தது, ஜூலையில் அடித்த ஒரே காற்றில் அத்தனையும் படுத்துவிட்டது. குச்சி ஊன்றிக் கட்டினேன், கட்டிய இடத்தில் ஒடிந்தது.

அப்புறம்தான் எங்கள் பக்கத்திலேயே இருக்கிற ஒரு தோட்டத்துக்குப் போனேன். கொல்செஸ்டர் அருகே எல்ம்ஸ்டெட் மார்க்கெட் என்ற ஊர், பெத் சாட்டோ என்ற அம்மையார் 1960-இல் தொடங்கிய தோட்டம். அவர் 2018-இல் காலமாகிவிட்டார். அதில் ஒரு பகுதி முன்பு கார் நிறுத்தும் இடமாக இருந்திருக்கிறது, மணலும் சரளையுமான நிலம். 1990-களின் தொடக்கத்தில் அந்த இடத்தைக் கிளறி, வறட்சி தாங்கும் செடிகளாகப் பார்த்து நட்டு, வேர் பிடித்த பிறகு எந்தக் கோடையிலும் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றைக்கும் ஊற்றுவதில்லை. இங்கிலாந்து என்றாலே விடாத மழை என்று நீ நினைப்பாய், நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். எங்கள் எசெக்ஸ் மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில் வருஷத்துக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அது கோவில்பட்டியில் பெய்வதைவிடக் குறைவு. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பது இங்கே பன்னிரண்டு மாதமும் தூறலாக வருகிறது, வெயிலும் மந்தம், அதனால்தான் ஊர் பச்சையாகத் தெரிகிறது. அந்தச் சரளையில் நடந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: வானம் பார்த்த பூமியில் பிறந்தவன் நான், மானாவாரிக்கு எருவைக் கொட்டித் தண்ணீர் கட்டினால் பயிர் தழைத்துச் சாயும் என்று உங்கள் அப்பா சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன், அதை எப்படி மறந்தேன்?

வீட்டுக்கு வந்து தென்புறச் சுவரோரம், காலை எட்டு முதல் மாலை வரை வெயில் விழும் இடத்தில், ஒரு முழம் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டேன். பாதி நம் களிமண், பாதி சரளையும் பருமணலும், எரு ஒரு கைப்பிடிகூட இல்லை. 2021 மார்ச்சில் பழைய செடியைப் பெயர்த்து அங்கே மாற்றப் போனேன். இது ஆணிவேர் இறக்குகிற செடி, பெயர்ப்பதை விரும்பாது. முருங்கை வேர் மாதிரி தடித்து நேராக உள்ளே போயிருந்தது, மண்வெட்டி பட்டு இரண்டு இடத்தில் அறுந்தது. வருத்தத்தோடு மேல்பாதியை மட்டும் கொண்டுபோய் நட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய குழியில் விட்டுவந்த வேர்த்துண்டுகளிலிருந்து ஐந்து இடத்தில் துளிர்! கறிவேப்பிலை வேரைக் கொத்திவிட்டால் பக்கத்தில் கன்று கிளம்புமே, அதே கதை.

இப்போது நான் அப்படித்தான் பெருக்குகிறேன். டிசம்பர் ஜனவரியில் செடி உறங்கும்போது ஓரமாகத் தோண்டி, பென்சில் கனமுள்ள வேரை ஆள்காட்டி விரல் நீளத்துக்கு வெட்டுவேன். மேல்நுனியை நேராகவும் அடிநுனியைச் சாய்வாகவும் வெட்ட வேண்டும், அப்போதுதான் எது மேலே எது கீழே என்று குழம்பாது, தலைகீழாக நட்டால் வராது. மணல் கலந்த தொட்டியில் செங்குத்தாகச் செருகி, மேலே விரல்கனத்துக்குச் சரளை போட்டு, லேசான ஈரத்தோடு விட்டுவிடுவேன். ஏப்ரலில் இலை வரும். புதுக்கன்றுக்கு முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருதரம் தண்ணீர், அதோடு சரி.

2022 ஜூலை 19 உனக்கு ஞாபகம் இருக்கும், நான் போன் பண்ணி உங்க ஊர் வெயில் இங்கே வந்துவிட்டது என்றேனே. லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி, இந்த நாட்டின் சாதனை. அந்த ஜூலை இங்கிலாந்தில் 1935-க்குப் பிறகு மிக வறண்ட ஜூலை. எங்கள் தெருவில் புல்வெளியெல்லாம் வைக்கோலாகிவிட்டது, பக்கத்து வீட்டு ஹைட்ரேஞ்சியா பூச்செடி கருகித் தொங்கியது. என் மேட்டுப்பாத்தியில் ஒரு சொட்டு ஊற்றாமல் பதினெட்டுப் பந்து, அத்தனையும் நீலம். நான் தினமும் ஆபீஸ் போகுமுன் எண்ணிப் பார்த்தேன். அந்தக் கோடையில் அந்தச் செடியைப் பார்த்து எனக்கு உண்டான சந்தோஷத்தை இங்கே யாரிடம் சொன்னாலும் முழுசாகப் புரியாது, உனக்குப் புரியும்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு முதலில் ஒரு பயம். இந்த நாட்டில் 1959-இல் வந்த களைச் சட்டம் ஒன்று உண்டு, அதில் பெயர் சொல்லிக் குறித்த ஐந்து களைகளில் இரண்டு திஸில் வகை. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, இது அதுதானா, என் பக்கம் பரவுமா என்று கேட்டார். அந்தப் பட்டியலில் இது இல்லை என்று காட்டிக்கொடுத்தேன். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் உண்டு, காய்ந்த தலையை விட்டுவைத்தால் விதை உதிர்ந்து கண்ட இடத்தில் முளைக்கும். அதனால் பூ முடிந்ததும் பெரும்பாலானதை வெட்டிவிடுவேன், நான்கைந்து தலையை மட்டும் கோல்டுஃபின்ச் என்கிற சிவந்த முகமுள்ள சிட்டுக்காக விடுவேன். அதே வெட்டில் அடியிலையையும் தரையோடு அறுத்துவிடுவேன், ஆகஸ்டில் அது எப்படியும் கந்தலாகக் காய்ந்து நிற்கும், அறுத்தால் புது இலை வரும். தடித்த கையுறை இல்லாமல் கிட்டே போக முடியாது.

நீலத்தைக் காய வைப்பதும் சுலபம். சின்னப் பூக்கள் விரிவதற்கு முன்னால், பந்தில் நிறம் ஏறியவுடன் வெட்டித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட வேண்டும், பூத்த பிறகு வெட்டினால் தொட்டவுடன் உதிரும். காய்ந்த பூவைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டாள், அதனால் ஜன்னல் விளிம்பில் ஒரு பித்தளைச் செம்பில் வருஷம் முழுக்க இருக்கிறது.

விதை விஷயம்தான் உன்னை ஏமாற்றும். அனுமதிச் சீட்டும் நோயில்லை என்ற சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்குள் விதை அனுப்பக்கூடாது, அந்தச் சட்டம் நம் வயலைக் காக்கத்தான் இருக்கிறது, அதை மீறி உறைக்குள் ஒளித்து அனுப்ப மாட்டேன். அனுப்பினாலும் உன் கொல்லையில் நிற்காது. இது குளிரில் மொத்தமாகக் காய்ந்து மண்ணுக்குள் மூன்று நான்கு மாதம் உறங்கி எழும் செடி, நம்ம ஊரில் அதற்கு உறங்குகிற காலமே கிடையாது.

ஆனால் இதன் பங்காளி ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. எக்கினாப்ஸ் எக்கினாட்டஸ். வறண்ட தரிசில் தானாக முளைப்பது, இந்தியில் அதன் பெயரிலேயே ஒட்டகம் இருக்கிறது. தண்டெல்லாம் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருக்கும், பந்து என்னுடையதைப் போல வழவழப்பாக இருக்காது, பூவுக்கு நடுவே நீண்ட முள் துருத்தி நிற்கும், நிறமும் இவ்வளவு நீலம் இல்லை, வெளுத்த ஊதா. கண்டங்கத்திரியையும் பிரமதண்டையும் இதோடு நீ குழப்பிக்கொள்ள மாட்டாய், அவை இரண்டிலும் உருண்டையான பூ கிடையாது. மழை ஓய்ந்து, மானாவாரிக் காட்டுப் பக்கம் பைக்கில் போகும்போது கல்லுக்குழி ஓரம், ஓடைக்கரை, ரோட்டோரச் சரளை இங்கெல்லாம் கொஞ்சம் நிதானித்துப் பார். கண்ணில் பட்டால் பிடுங்காதே. இலையின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, பந்துக்குப் பக்கத்தில் உன் கட்டைவிரலை வைத்து அளவு தெரிய ஒரு போட்டோ, இரண்டும் அனுப்பு. நான் ஜனவரியில் வேர் வெட்டும்போது அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அக்காவை மாடிப்படி ஏறவிடாதே.

அன்புடன்,
சுப்பு