டிரெசிங் ரூம் வாசலில் பார்த்த அக்காவுக்கு நன்றி

புற்றுநோயால் மார்பை எடுத்த பிறகு, அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் எடுத்துத்தான் எனக்கு மார்பை மறுசீரமைத்தார்கள். பார்க்க வந்த எல்லோரும் மார்பைப் பற்றியே விசாரித்தார்கள். என்னைப் படுத்தியதோ வயிறு. நிமிர்ந்து நடக்க முடியாது. தையல் ஒரு இடத்தில் பிரிந்து, ஓரத் தோல் கறுத்து, டிரெசிங்குக்கு அலைந்தேன். அங்கேதான் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

ஆபரேஷன் செய்த இடத்தில் ஊறும் நீரை வெளியே வடிக்கிற டிரெயின் குழாயின் குடுவையை நைட்டியில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டிருந்தேன். "ஏம்மா, இழுக்கலையா?" என்று கேட்டு, கழுத்தில் மாட்டுகிற துணிப்பை ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். பழைய பாவாடையில் தைத்தது. நாடாகூடப் பாவாடை நாடாதான்! ஒருக்களித்துப் படுத்து, காலைத் தொங்கவிட்டு, ஆபரேஷன் ஆகாத பக்கத்துக் கையை ஊன்றி எழுவதை அந்த பெஞ்சிலேயே செய்து காட்டினீர்கள். பொதுவாக வடிகிற நீர் ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் குழாயை எடுப்பார்கள், அளவை நோட்டில் எழுதி வை என்றதும் நீங்கள்தான்.

அப்புறம் இன்னொன்று. குழாயை எடுத்த பிறகு வீங்கித் தளும்பினால் நீயாக அமுக்காதே, டாக்டரிடம் காட்டு என்றீர்கள். அப்படியே ஆனது. நீர் கோத்திருந்தது, ஊசி வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். நீங்கள் முன்னமே சொல்லாதிருந்தால், புற்று திரும்பிவிட்டது என்று இரவெல்லாம் அழுதிருப்பேன்.

இப்போது நிமிர்ந்து நடக்கிறேன். வயிறு இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது, பரவாயில்லை. பெயர் கேட்பதற்குள் உங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வீங்கிய கையில் இறுக்க உறை மாட்டிய ஒரு அக்காவை யாருக்காவது தெரிந்தால், நான் தேடுகிறேன் என்று சொல்லுங்கள்.