ஃபேனை அமர்த்தச் சொன்ன அண்ணாச்சிக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் ஹாஸ்டல் நண்பன் இறந்துபோய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. அந்த ராத்திரி கூட நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குத் திரும்பவும் மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் நன்றி, ஐஸ் பெட்டி கொண்டுவந்த அண்ணாச்சிக்கு. உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நீங்கள் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும்போது நான் வாசலில் நின்று போன் அடித்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பழைய அட்டை. 1994-இல் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் அவனும் நானும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்ட கண்தான அட்டைகளில் அவனுடையது அது. மதினி பீரோவிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்திருந்தார். அதில் இருந்த நம்பர் எந்தக் காலத்திலோ மாறிப்போய்விட்டது. அது தெரிந்தும் அதையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன்.

எட்டிப் பார்த்துவிட்டு நீங்கள், "கண்ணு குடுக்கப் போறியளா?" என்றீர்கள். தலையை ஆட்டினேன். "அப்ப மொதல்ல உள்ள அந்த ஃபேன அமத்தச் சொல்லுங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனீர்கள்.

அப்புறம் நீங்கள் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக என் கண்ணிலேயே நிற்கிறது. பாதி திறந்திருந்த அவன் இமைகளை இரண்டு விரலால் மெதுவாக மூடினீர்கள். பஞ்சு கேட்டீர்கள். தண்ணீரில் நனைத்து, பிழிந்து, கண்மேல் வைத்தீர்கள். தலைக்கு இரண்டு தலையணை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்தினீர்கள். காற்றுப் பட்டால் கருவிழி காய்ந்துவிடும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் வண்டியின் பின்கதவில், உட்பக்கம், திருநெல்வேலி கண் வங்கியின் நம்பரை மார்க்கரில் எழுதி வைத்திருந்தீர்கள். அந்த நம்பருக்கு அடித்ததும் எடுத்தார்கள்.

ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்றார்கள். கிளம்பிவிட்டோம், ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். வைகாசிப் புழுக்கம், அந்தச் சின்ன அறைக்குள் அத்தனை பெண்கள். "ஃபேனப் போடுங்கப்பா, மூச்சு முட்டுது" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். "இன்னும் கொஞ்ச நேரம்தான்மா, பொறுத்துக்கிடுங்க." பஞ்சு காயக் காய நனைத்து வைத்தீர்கள். பெட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கலாம், அதோடு உங்கள் வேலை முடிந்தது. டாக்டர் வரும்வரை அவன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்டதற்கு, "எத்தனை வீட்டுக்குப் போறோம் சார்" என்றீர்கள், அவ்வளவுதான்.

அவன் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன். அந்தக் கண் ஆகுமா என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். கண்ணாடி போட்டவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லோருமே கொடுக்கலாம் என்று வந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இருபது நிமிஷத்தில் முடிந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தூங்குகிறவன் மாதிரியே இருந்தான்.

இந்த அட்டை வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் பார்வையில்லாத தோழன் ஒருவன் இருந்தான். பரீட்சை வந்தால் என் நண்பன் ராத்திரி பதினொரு மணிவரை அவனுக்குப் பாடம் வாசிப்பான். ஊருக்குப் போகிற வாரங்களில் காசெட்டில் பேசிப் பதிந்து வைத்துவிட்டுப் போவான். ஒருநாள் அவனிடமே கேட்டான்: "என் கண்ண ஒனக்கு வைக்க முடியுமால?" அவன் சொன்னான்: "எனக்கு நரம்புல கோளாறு. கருவிழி மட்டும் கெட்டவங்களுக்குத்தான் அது ஆவும். எனக்கு ஆவாட்டி என்ன, வேற ரெண்டு பேருக்கு ஆவும்லா?"

அந்த வாரமே இருவரும் போய்க் கையெழுத்துப் போட்டோம். நான் அட்டையைப் பர்ஸில் சொருகியதோடு சரி. அவன் சனிக்கிழமை கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினான். எதுக்குடா என்றேன். "செத்தப்புறம் நானா எந்திரிச்சி அட்டையக் காட்டப் போறேன்? அம்மாட்ட சொல்லி வைக்கணும்லா" என்றான். கல்யாணமான பிறகு மதினியிடமும் சொல்லியிருக்கிறான்.

அன்று ராத்திரி பெரியவர் ஒருவர், கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் கண்ணில்லாமல் பிறப்பான் என்று தடுத்தார். மூலையில் சுருண்டு கிடந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, "எம்மவன் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கான். செய்யிங்க" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. அம்மா, உங்களுக்கு நன்றி என்று எழுதக் கை கூசுகிறது. காலில் விழுகிறேன்.

கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராத்திரியோடு ராத்திரியாக வண்டி ஓட்டி வந்த ஹாஸ்டல் நண்பர்கள், கேட்டதும் ஓடிவந்து பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்த உள்ளூர் டாக்டர், விடிய விடிய டீ போட்டுத் தந்த எதிர்வீட்டு அக்கா, நாற்காலி சுமந்த தெருப் பிள்ளைகள், மகளின் காலேஜ் பீஸைச் சத்தமில்லாமல் கட்டிவிட்ட ஆள் (யாரென்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்), அத்தனை பேருக்கும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருஷம் பர்ஸிலேயே கிடந்த என் அட்டையை நேற்று எடுத்தேன். மனைவியையும் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். அட்டையை மட்டும் நம்ப வேண்டாம் என்று புது நம்பரைப் பீரோக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஃபேனை அமர்த்த வேண்டும், பஞ்சு நனைத்து வைக்க வேண்டும் என்பதையும் அதற்குக் கீழேயே எழுதியிருக்கிறேன். மகன் இரண்டு தடவை சத்தமாக வாசித்தான்.

அண்ணாச்சி, மறுநாள் பெட்டியை எடுக்க வந்தபோது வாடகையை எண்ணிக் கொடுத்தேனே தவிர உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினாறாம் நாளுக்குக் கோவில்பட்டி வருகிறேன். அன்றைக்கு உங்கள் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
அவனுடைய ஹாஸ்டல் அறைத்தோழன்