சேவல் சட்டைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் கிளப் நண்பர்களுக்கும் வணக்கம்.

சேவல் சின்னச் சட்டை போடும் பிரான்சின் ரக்பி லீக் (பதிமூன்று பேர் ஆடும் ரக்பி) அணிக்கு இனி நான் ஆடப்போவதில்லை. என் முழங்காலைப் பார்த்த மருத்துவர் போன மாதமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். விலகும் முன் சிலருக்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

முதலில் திராட்சைத் தோட்டத்து முதலாளிக்கு. பெர்பிஞான் நகரத்து கத்தலான் டிராகன்ஸ் கிளப் 2006 முதல் சூப்பர் லீக் என்ற தொழில்முறைப் போட்டியில் இங்கிலாந்து அணிகளோடு ஆடுகிறது. அங்கே இருப்பவர்களுக்கு ஆட்டமே தொழில். தெற்கு பிரான்சின் ஓட் மாவட்டத்து உள்ளூர் கிளப்பில் ஆடும் எனக்கு வேறு வேலை பார்த்தால்தான் அடுப்பெரியும். குளிர்காலத்தில் பகல் முழுக்கக் கொடிகளைக் கவாத்து செய்துவிட்டு, விரலை மடக்க முடியாமல் மாலைப் பயிற்சிக்குப் போவேன். அறுவடை முடிந்தும் முடியாத அக்டோபரில் தேசிய அணியிலிருந்து அழைப்பு வரும். தொட்டிகளில் சாறு நொதித்துக்கொண்டிருக்கும், ஆள் பற்றாக்குறை வேறு. "போயிட்டு வா, கையை மட்டும் உடைச்சுக்கிட்டு வராதே" என்பார் முதலாளி. ஒரு நாள்கூடச் சம்பளத்தில் பிடித்ததில்லை.

அப்புறம், டிக்கெட் வாசலில் உட்காரும் தாத்தா. கார்கசோன் கிளப்பின் பழைய ஆட்டக்காரர் புயிக் ஓபேரைப் பற்றிச் சொல்லாமல் அவர் டிக்கெட் கிழிக்க மாட்டார். சிகரெட்டும் கையுமாகத் திரிந்த அந்த ஃபுல்பேக் (கடைசி வரிசைக் காவலர்) 1951-ல் அணித்தலைவராக ஆஸ்திரேலியாவுக்குப் போய், டெஸ்ட் தொடரை 2-1 என்று வென்று வந்தார். அதற்குப் பத்து வருடம் முன்புதான், 1941-ல், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்சின் விஷி அரசு ரக்பி லீகையே தடைசெய்து அதன் சொத்துகளைப் பறித்திருந்தது. 2013 உலகக் கோப்பையில் அவிஞோனில் நியூசிலாந்திடம் 48-0 என்று தோற்றோம். ஊருக்குத் திரும்பியவன் வாசல் பக்கமே போகாமல் நழுவப் பார்த்தேன். தாத்தா விடவில்லை. "48 புள்ளிதானேடா போச்சு? எங்க அப்பாகிட்டேருந்து ஆட்டத்தையே பிடுங்கினாங்க. ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு, நேரத்துக்கு வந்து சேரு" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

நான் ப்ராப், அதாவது முன்வரிசை ஆட்டக்காரன். எதிரணி மீது முட்டி மோதிப் பத்து மீட்டர் முன்னேறுவதுதான் என் வேலை. பேப்பரில் பெயர் வருவது அபூர்வம். எனக்கு விழுந்த அடியெல்லாம் தெரிந்தவர் எங்கள் பிசியோ. அவருக்கும், ஆட்டம் முடிந்ததும் தோற்றவன் ஜெயித்தவன் பார்க்காமல் இரு அணிக்கும் காசுலே (பீன்ஸும் இறைச்சியும் சேர்த்த குழம்பு) பரிமாறும் கேன்டீன் அக்காக்களுக்கும் நன்றி. 15 பேர் ரக்பிக்குப் போயிருந்தால் நாலு காசு பார்த்திருக்கலாம் என்று இன்றுவரை புலம்பும் என் மாமனாருக்கும்தான். புலம்பினாலும் ஒரு ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. என் மனைவிக்கு நன்றியை நேரில் சொல்லிவிட்டேன். இங்கே எழுதினால் திட்டுவாள்.

அடுத்த வாரம் முதல், பள்ளி இல்லாத புதன்கிழமை மதியங்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரப்போகிறேன். அனுப்பி வையுங்கள். ஷூ இல்லாவிட்டால் பரவாயில்லை, கிளப் அலமாரியில் பழைய ஜோடிகள் நிறையக் கிடக்கின்றன.