ராஜி படிப்பு விஷயமா அக்காவுக்கு

லீட்ஸ், இங்கிலாந்து,
பிப்ரவரி 8, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுடலை எழுதுறது. நான் நல்லா இருக்கேன். அம்மா, அத்தான், ராஜி, சின்னவன் எல்லாரும் சுகம்தானே? நவம்பர்ல வந்த கடிதத்துக்கே இன்னும் பதில் போடலை, அதுக்குள்ள நீ அடுத்ததும் போட்டுட்டே. தப்பு என் மேலதான், மன்னிச்சிரு. ராஜி பயோமெடிக்கல் சயின்ஸ் படிக்க ஆசைப்படுறா, அதைப் பத்தி "போன்ல நீ சொல்றதுல பாதி ரயில் சத்தத்துல போயிருது, ராஜி திருப்பித் திருப்பிப் படிக்கிற மாதிரி எழுதி அனுப்பு"ன்னு கேட்டிருந்தே. இன்னைக்கு எனக்கு லீவு. முழுசா எழுதிட்டுத்தான் எந்திரிக்கப் போறேன்.

அம்மா குளிரைப் பத்திக் கேட்டாங்கன்னு எழுதியிருந்தே. வேலைக்கு இறங்கும்போதும் இருட்டு, திரும்பி வரும்போதும் இருட்டு. ஹீட்டரைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் போட்டாப் போதும், போர்வை ரெண்டு இருக்குன்னு சொல்லு. இட்லி மாவுதான் லேசுல பொங்க மாட்டேங்குது. ஓவனைச் சூடாக்காம, உள்ள இருக்கிற விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை வெச்சா, பதினாலு மணி நேரத்துல பொங்கிருது.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பத்தி முன்னாடியே சொல்லியிருக்கேன். இன்னமும் ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டி, நாளைக்கு எந்த நிறக் குப்பைத்தொட்டியை வெளிய வைக்கணும்னு சொல்லிட்டுப் போவாங்க. உள்ள வாங்கன்னா வர மாட்டாங்க. போன வாரம் ஒரு கட்டு ருபார்ப் தண்டு வாசல்ல வெச்சிருந்தாங்க. இந்தப் பக்கத்துல அதை ஜன்னல் இல்லாத கொட்டகைக்குள்ள இருட்டுல வளர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்துல பறிக்கிறாங்க. இளஞ்சிவப்பா இருக்கும், புளிச்சக்கீரை மாதிரி புளிப்பு. இங்க சர்க்கரை போட்டு வேகவெச்சுச் சாப்பிடுறாங்க. நான் நல்லெண்ணெய், பூண்டு, வத்தல் போட்டுத் தொக்கு பண்ணினேன், ரெண்டு நாள் சோத்துக்கு அதுவே போதுமா இருந்துச்சு. இலையைத்தான் வாயில வைக்கக் கூடாது, அதுல ஆக்சாலிக் அமிலம் அதிகம். அந்த ஆக்சலேட்டைத்தான் லேப்ல சர்க்கரை பார்க்கிற சாம்பல் மூடிக் குழாய்ல போட்டிருப்பாங்க. ரத்தத்துல இருக்கிற கால்சியத்தை அது பிடிச்சு வெச்சுக்கும், கால்சியம் இல்லாம ரத்தம் உறையாது. ராஜி படிக்க ஆசைப்படுறது இந்த மாதிரி சங்கதிகளைத்தான்.

முதல்ல அத்தான்கிட்ட சொல்லு, பயோமெடிக்கல் எஞ்சினியரிங் வேற, பயோமெடிக்கல் சயின்ஸ் வேற. முதல்ல சொன்னதுல ஸ்கேன் மிஷின், வென்டிலேட்டர் மாதிரி கருவிகளை உருவாக்கவும் பராமரிக்கவும் படிக்கிறாங்க, அதுக்குக் கணக்கு வேணும். ராஜி கேக்குறது ரெண்டாவது. உடம்பு எப்படி வேலை செய்யுது, நோய் வந்தா ரத்தத்துலயும் திசுவுலயும் என்ன மாறுது, அதை எப்படி அளக்கிறதுங்கிற படிப்பு. அவ பன்னிரண்டாவதுல எடுத்திருக்கிற இயற்பியல், வேதியியல், உயிரியல் இதுக்குப் போதும். இன்னொண்ணு, நீட்ல சீட் கிடைக்காட்டி இது, இதுல இருந்து அப்புறமா டாக்டர் ஆயிரலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இதை முடிச்சிட்டு மருத்துவத்துக்குப் போறவங்க இங்கயும் ரொம்பக் கொஞ்சப் பேர்தான். நோயாளி முகத்தைப் பார்க்காமலே அவங்களுக்காக நாள் முழுக்க நிக்கிறதுக்கு மனசு இருந்தா இதை எடுக்கட்டும். டாக்டர் கோட்டுக்குப் பதிலா இந்தக் கோட்டுன்னு நினைச்சு வந்தா மூணாவது செமஸ்டர்ல வெறுத்துரும்.

முதல் வருஷம் செல் உயிரியல், உயிர்வேதியியல், உடற்கூறு, மரபியல், புள்ளியியல். எல்லாரும் அலட்சியமா விடுறது புள்ளியியலைத்தான், பின்னால லேப்ல தினமும் காலைல கைக்கு வர்றதும் அதுதான். நோயாளி சாம்பிளைத் தொடுறதுக்கு முன்னாடி, அளவு தெரிஞ்ச கன்ட்ரோலை மிஷின்ல ஓட்டி, வர்ற எண் எல்லைக்குள்ள நிக்குதா, நாலு நாளா ஒரே பக்கமாச் சாயுதான்னு வரைபடத்துல பார்க்கணும். ரெண்டாம் வருஷத்துல இருந்துதான் நோய்ப் பக்கம் வரும். ரத்தவியல், ரத்த ஏற்றம், நுண்ணுயிரியல், நோய் எதிர்ப்பியல், திசு நோயியல், மூலக்கூறு உயிரியல். கடைசி வருஷம் ப்ராஜெக்ட்.

அவ கைக்கு இது ஒத்து வருமான்னு பார்க்க, கிராம் சாயம் ஒண்ணு போதும். கண்ணாடித் தகட்டுல மெல்லிசாப் பூசி, காய வெச்சு, தீயில மூணு தடவை மேலோட்டமாக் காட்டணும். அப்புறம் கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிஷம், கழுவி அயோடின் ஒரு நிமிஷம், கழுவி ஆல்கஹால் சில நொடி, உடனே தண்ணி, கடைசில சஃப்ரானின். ஊதாவா நின்னா பாசிட்டிவ், சிவப்பா நின்னா நெகட்டிவ். ஆல்கஹால்தான் கண்டம். நாலஞ்சு நொடி கூடினா பாசிட்டிவ் கிருமியும் சாயத்தை விட்டுட்டுச் சிவப்பாயிரும், டாக்டர் வேற மருந்தை எழுதிருவாங்க. தடிப்பாப் பூசினாலோ, நடுவுல வெளுக்காம ஊதாவாவே நிக்கும். இதைப் பத்துத் தடவை கெடுத்தும் பதினொண்ணாவது தடவை செய்ய ஆசை வருதான்னு அவளே பார்த்துக்கட்டும்.

பொட்டாசியம் கதையையும் சொல்றேன், அவளுக்குப் பிடிக்கும். இயல்பான அளவு லிட்டருக்குச் சுமார் 3.5-ல இருந்து 5.3 மில்லிமோல். ஒரு சாம்பிள்ல 9-ன்னு வந்தா, அந்த ஆளு இதயம் நிக்கிற நிலைமைல இருக்கணும். அதனால முதல்ல கால்சியத்தைப் பார்க்கணும். அது 1-க்குப் பக்கத்துல இறங்கியிருந்தா, ஊதா மூடிக் குழாய்ல இருந்து ரத்தத்தை மஞ்சள் மூடிக் குழாய்ல யாரோ ஊத்தியிருக்காங்கன்னு சந்தேகப்படணும். ஊதா மூடிக்குள்ள இருக்கிறது ரத்தம் உறையாம இருக்கப் போடுற பொட்டாசிய ஈடிடிஏ. அது பொட்டாசியத்தைக் கூட்டிரும், கால்சியத்தைக் கட்டிப் போட்டுரும். ரத்தம் எடுக்கும்போது நீல மூடி, மஞ்சள் மூடி, அப்புறம்தான் ஊதா மூடின்னு வரிசை வெச்சிருக்கிறது இதுக்காகத்தான். இங்க பனிக்காலத்துல இன்னொரு ஏமாத்தும் நடக்கும். ஊர்ப்புறக் கிளினிக்ல எடுத்த ரத்தம், சுழற்றிப் பிரிக்காம குளிர்ல மணிக்கணக்காக் கிடந்தா, சிவப்பணு சுவர்ல பொட்டாசியத்தை உள்ள இழுக்கிற பம்பு மந்தமாயிரும், பொட்டாசியம் வெளிய கசிஞ்சிரும். அணு உடையலை, சீரம், அதாவது உறைஞ்ச ரத்தத்துல இருந்து பிரியுற நீர், தெளிவாத்தான் இருக்கும், எண் மட்டும் ஏறும். நம்ம ஊர் மே மாச வெயில்ல இது நேர் எதிர். பம்பு வேகமா ஓடும், எண் முதல்ல பொய்யா இறங்கும். மிஷின் ரெண்டுலயும் எண்ணை மட்டும்தான் தரும். அது நோயாளியோடதா, குழாயோடதா, வானிலையோடதான்னு பார்த்துச் சொல்ல ஆள் வேணும். அந்த ஆளாத்தான் ராஜி ஆகப் போறா.

ரத்த வங்கிப் பிரிவுல நம்ம ஊர் பேர்லயே ஒரு வகை இருக்கு. பாம்பே ரத்த வகை. 1952-ல பெண்டே என்ற டாக்டரும் அவரோட இருந்தவங்களும் பம்பாயில கண்டுபிடிச்சது. ஏ-யும் பி-யும் உருவாக அடிப்படையா எச்-னு ஒரு பொருள் வேணும், இவங்க சிவப்பணுல அதுவே கிடையாது. ரத்த வகை பார்க்க ஊத்துற ஆன்டி-ஏ, ஆன்டி-பி ரெண்டுலயும் கட்டியாகாது, அதனால பார்க்க ஓ மாதிரியே இருக்கும். திருப்பி இவங்க பிளாஸ்மாவை, அதாவது ரத்த அணுவை நீக்கின நீரை, ஓ செல்லோட சேர்த்தா, அதுவும் திரண்டு கட்டியாகும். ஓ ரத்தம் ஏத்தினா உயிருக்கே ஆபத்து, இன்னொரு பாம்பே வகை ரத்தம்தான் சேரும். ஒரு பக்கச் சோதனையோட நிறுத்துற லேப் இங்கதான் மாட்டிக்கும். இந்தியாவுல பத்தாயிரத்துல ஒருத்தருக்கு இருக்கும்னு சொல்வாங்க, ஐரோப்பாவுல ரொம்ப அபூர்வம். நடுராத்திரி ஷிப்டுல இங்க யாராவது "பாம்பே"ன்னு வாயெடுத்தாலே எனக்கு நம்ம சந்துதான் கண்ணுல வருது. விடியக்காலைல பேச்சித்தாய் ஆச்சி இட்லிக் கொப்பரையைத் திறக்கிறதும், அந்த ஆவியும், குழாயடில குடத்தை இழுக்கிற சத்தமும். பத்து நாளா அந்த நினைப்பு கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு, அக்கா. இதை அம்மாகிட்ட படிக்காதே.

சரி, வேலைப் பாதைக்கு வர்றேன். ராஜி மூணாப் பிரிச்சுப் பார்க்கட்டும்.

ஆஸ்பத்திரி லேப்ல நின்னு வேலை பார்க்கணும்னா, நம்ம ஊர்ல வெறும் பயோமெடிக்கல் பட்டம் போதாது. மருத்துவ லேப் தொழில்நுட்பப் படிப்பான பி.எஸ்சி எம்எல்டி, இல்லைன்னா அதுல டிப்ளமோவான டிஎம்எல்டி கேட்பாங்க. இதுதான் அவ எண்ணம்னா முதல்லயே எம்எல்டி எடுத்துரட்டும், மூணு வருஷத்தை வீணாக்க வேண்டாம். சேர்ந்தா, லேப் தரத்தைச் சோதிக்கிற என்ஏபிஎல் அமைப்போட அங்கீகாரம் உள்ள லேப்ல பயிற்சி எடுக்கணும். அங்கதான் ஒவ்வொரு எண்ணுக்கும் பதிவு எழுதுற பழக்கம் வரும்.

ஆராய்ச்சின்னா டெல்லிப் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகள் சிலதுல பயோமெடிக்கல் சயின்ஸ் ஹானர்ஸ் இருக்கு, மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வான சியூஇடி எழுதணும். அப்புறம் எம்.எஸ்சி, அப்புறம் நெட் தேர்வு. அதுல ஜேஆர்எஃப்-ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். நம்ம மும்பை பரேல்லயே ஹாஃப்கின் நிறுவனம் இருக்கு. 1897-ல பிளேக் தடுப்பூசி பிறந்தது பம்பாயிலதான்னு அவளுக்குச் சொல்லு. கேஇஎம் ஆஸ்பத்திரி வளாகத்துல ரத்தவியலுக்குன்னு ஐசிஎம்ஆர்-ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட நிறுவனமே இருக்கு. இது நீளமான பாதை, பி.எச்டி முடிய வயசு இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆகும். வீட்டுல கல்யாணப் பேச்சை எடுக்காம அத்தனை வருஷம் விடுவீங்களான்னு நீயும் அத்தானும் இப்பவே பேசிக்கணும். எனக்குக் கேட்டா, விடணும்.

மூணாவது மருந்துக் கம்பெனிப் பக்கம். மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பு, பக்கவிளைவு அறிக்கை பார்க்கிற பார்மகோவிஜிலன்ஸ், மருந்துக்கு அரசு அனுமதி வாங்குற பிரிவு, லேப் மிஷின் விக்கிற கம்பெனில பயிற்சி கொடுக்கிற வேலை. மும்பையில இருந்துக்கிட்டே சீக்கிரம் சம்பளம் பார்க்கணும்னா இதுதான். இங்கிலீஷ்ல தெளிவா எழுதத் தெரியணும்.

இங்க அனுப்புற யோசனையைப் பத்திக் கேட்டிருந்தே. இந்த நாட்டுல பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்ங்கிற பேரைச் சட்டப்படி சுகாதாரத் தொழில்களைப் பதிவு செய்ற எச்சிபிசி அமைப்புல பதிஞ்சவங்கதான் போட்டுக்கலாம். அதுக்கு இந்தத் துறைச் சங்கமான ஐபிஎம்எஸ் அங்கீகரிச்ச பட்டமும், பயிற்சி கொடுக்க அனுமதி உள்ள லேப்ல செஞ்சு முடிச்ச வேலைப் பதிவுத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவும் வேணும். அங்கீகாரம் இல்லாத பட்டமும் அதே பேர்ல இருக்கும், ஃபீஸும் குறையாது. அப்படிப் படிச்சு முடிச்சவங்க விடுபட்ட பாடங்களைக் காசு கட்டித் திரும்பப் படிக்கிறாங்க. அங்கீகாரம் உள்ள பட்டத்துலயும் லேப் பயிற்சி இடம் எல்லாருக்கும் கிடைக்காது. இடம் உறுதியா, நாமளே தேடணுமான்னு ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி எழுத்துல கேட்டு வாங்கணும். வகுப்பு நடக்கிற காலத்துல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அதை வெச்சு ஃபீஸ் கட்ட முடியாது. ஏஜென்ட் சொல்ற கணக்கை நம்பி நகையை வைக்காதீங்க. ஊர்ல எம்எல்டி முடிச்சு, லேப்ல நாலு வருஷம் கை பழகி, ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் தேர்வுல மொத்தம் 7, எதுலயும் 6.5-க்குக் குறையாம எடுத்து எச்சிபிசி-க்கு நேரா விண்ணப்பிக்கிற வழிதான் எனக்குச் சரின்னு படுது. நான் வந்ததும் அப்படித்தானே.

அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கிறப்ப மூணு மாசச் சராசரியோட, ரத்த அணுக்களை எண்ணுற சிபிசி-யும் சேர்த்துப் பார்க்கச் சொல்லு. இரும்புச்சத்துக் குறைவால ரத்தம் குறைஞ்சிருந்தா அந்தச் சராசரி பொய்யாக் கூடிக் காட்டும், மாத்திரையைச் சும்மா ஏத்திருவாங்க. அந்தச் சோதனைக்கு வெறும் வயிறும் வேண்டாம், பட்டினி போட்டுக் கூட்டிட்டுப் போகாதே.

சித்திரைக் கொடைக்கு என்னால வர முடியாது. லீவு கிடைக்கலைன்னு மட்டும் சொல்லு. என் வரியை நீயே கட்டிரு. மார்ச் மாசம் பணம் கொஞ்சம் குறைச்சலா வரும், ராத்திரி ஷிப்டு கூடப் போட்டிருக்கேன், ஏப்ரல்ல சேர்த்து அனுப்பிருவேன். அடகுல இருக்கிற உன் வளையலுக்கு வட்டி மட்டும் விட்டுப் போகாம பாத்துக்கோ, ஆவணிக்குள்ள திருப்பிரலாம்.

வீட்டுச் சர்வேக்கு வர்றவங்ககிட்ட ஒரிஜினல் எதையும் கையில கொடுக்காதே. 2000-க்கு முந்தின கரண்ட் பில்லு, அப்பா பேர்ல இருக்கிற ரேஷன் கார்டு, பழைய வோட்டர் லிஸ்ட் எல்லாத்துக்கும் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து, கொடுக்கிறதுக்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கோ. அந்தப் பில்லு தகரப் பெட்டிக்குள்ள அப்பா வேட்டிக்கு அடியில மஞ்சப்பைல இருக்கணும். கிடைச்சதும் போன் பண்ணு, எந்நேரமானாலும் எடுப்பேன்.

ராஜிக்குப் பரீட்சை முடியிற வரைக்கும் இதைக் கொடுக்காதே.

அன்புடன்,
உன் தம்பி சுடலை

பி.கு.: சின்னவன் பாதத்தைப் பேப்பர்ல வரைஞ்சு அனுப்பு, இங்க ஷூ தள்ளுபடி போட்டிருக்கான். வத்தல் இனிமே அனுப்பாதே, தபால் செலவு அதிகம்.