கடைவாயில் ஒதுக்கிய சூயிங்கம்: ஒரு நன்றி மடல்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகச் செவி ஆய்வுக் குழுவினருக்கும், எனக்காக அலைந்தவர்களுக்கும் வணக்கம்.

எனக்கு வயது 71. காது டாக்டர் "வயசுக்கு நல்லாவே கேட்குது" என்பார். ஆனால் விருந்தில் நாலு பேர் சேர்ந்து பேசினால் சத்தம் வரும், சொல் பிடிபடாது. வந்த ஒலியைப் பிரித்தெடுக்கும் வேலையில் மூளையும் வயதாக ஆகத் தளரும் என்று எனக்குப் புரியவைத்தவர்கள் நீங்கள்தான். மூளையில் நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் போய் ஒட்டும் இடத்தில் புகையிலையில் உள்ள நிக்கோடினும் ஒட்டுமாம். புகைக்காத இளைஞர்களிடம் ஒலியைப் பகுத்தறியும் திறனை அது கூட்டியதாக உங்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ராஜு மெத்தரேட், ஃபான்-காங் ஸெங் குழு 2020இல் எழுதியிருக்கிறது. கிழவர்களுக்கும் அது பலிக்குமா? அதற்குத்தான் என்னைப் போன்றவர்கள் தேவைப்பட்டோம்.

புகையிலையைத் தொடாத எனக்கு, பழக்கமாகிவிடுமோ என்று ஒரே பயம். அதையே மூன்று தடவை கேட்டும் சலிக்காமல் சம்மதப் படிவத்தை வரிவரியாக விளக்கிய பெண்ணுக்கு முதல் நன்றி.

அப்புறம் அந்த நிக்கோடின் சூயிங்கம். சும்மா மென்றுகொண்டே இருக்கக் கூடாது. நாலு கடி கடித்து, காரம் ஏறியதும் கடைவாயில் ஒதுக்கிவிட வேண்டும் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆச்சி புகையிலையை இப்படித்தான் அடக்குவாள். அதைப் பார்த்து முகம் சுளித்த பேரன், கலிபோர்னியாவில் உட்கார்ந்து அதையே செய்கிறேன்! ஒரு நாள் நிக்கோடின், ஒரு நாள் வெறும் கம். எது என்று எனக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. ஒரு நாள் மட்டும் விக்கல் நிற்கவே இல்லை. நான் ஊகித்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூளையின் மின் அலைகளைப் பதியும் மின்முனைத் தொப்பியைக் கழற்றியபின், இருக்கிற நாலு முடியில் ஒட்டிய பசையை வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்ட மாணவருக்கும், சத்தம் புகாத அறையில் நான் தூங்கி வழிந்தபோது எழுப்பியவர்களுக்கும் நன்றி.

காது திறந்துவிட்டதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆய்வே இன்னும் முடியவில்லை. இதைச் சாக்காக வைத்து யாரும் சிகரெட்டைத் தொடாதீர்கள், புகைப்பவர்களுக்குக் காது மந்தமாகும் வாய்ப்பு கூடுதல். கம்மையும் டாக்டரைக் கேட்காமல் வாங்கவேண்டாம். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும்.

405 நெடுஞ்சாலை நெரிசலில் ஒவ்வொரு முறையும் வண்டி ஓட்டி வந்தவள் என் மனைவி. முன்பெல்லாம் "செவிடாயிட்டீங்க" என்பாள். இப்போது என்னிடம் பேசுமுன் டிவியை அணைக்கிறாள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.