அறிக்கையில் ‘அன்லாக்’ என்று வந்தது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தீபாவளிப் பலகார ஆர்டர் நேரத்தில் ஒரு வாடிக்கையாளரின் சர்வர் திணறியதும், சர்வரின் நேரம் எங்கே போனது என்று அளந்து நாங்கள் கொடுத்த அறிக்கையும் (‘ஸ்பின் அன்லாக்’, அதாவது உள்ளே ஒரு பூட்டைத் திறக்கும் சிறு வேலைதான் அதன் உச்சியில் இருந்தது) இப்போது வாட்ஸப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தேவகோட்டையிலிருந்துகூட போன் வந்துவிட்டது. சர்வர் மெதுவானதைப் பேசினால் பரவாயில்லை. “காசை வாங்கிக்கொண்டு கதை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்” என்று ஒருவர் போட்டிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அந்த அறிக்கையில் ஒரு எண்கூட நாங்கள் கையால் எழுதியது அல்ல. பிராசஸருக்குள்ளேயே நடக்கும் வேலையை எண்ணும் கவுண்டர்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டதும் கவுண்டர் ஒரு இன்டரப்ட் (கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு இதைக் கவனி என்ற அழைப்பு) அனுப்பும். அந்தக் கணத்தில் வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்று லினக்ஸ் கெர்னல் (சர்வரை இயக்கும் மென்பொருளின் மையப் பகுதி) குறித்துக்கொள்ளும். பெர்ஃப் என்ற கருவி அந்தக் குறிப்புகளைத் தொகுத்துத் தருகிறது, அவ்வளவுதான். உங்கள் கணக்கு வழக்கை அது படிப்பதில்லை. (அதையும் ஒருவர் கேட்டுவிட்டார்.)

சிக்கல் என்னவென்றால், சில வேலைகளின்போது கெர்னல் இன்டரப்டுகளை அடைத்துவிடும். கவுண்டரின் அழைப்பும் வெளியே காத்து நிற்கும். வேலை முடிந்து அடைப்பு நீங்கும் இடத்தில்தான் உள்ளே வந்து குறிப்பெடுக்கும். வளவில் அத்தனை நேரம் பாடுபட்டவர்களை விட்டுவிட்டு, கடைசியில் கதவைத் திறந்தவர் பெயரை எழுதிக்கொண்டு போன மாதிரி. ‘ஸ்பின் அன்லாக்’ அறிக்கையின் உச்சியில் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் இந்த அழைப்பு என்எம்ஐ என்ற அடைக்க முடியாத வகை இன்டரப்டாக வருவதால் இந்தக் குழப்பம் இல்லை. நம்மில் பலர் வாங்கியிருப்பது ஆர்ம் என்ற வேறு வகைப் பிராசஸர் உள்ள சர்வர். அதில் இன்டரப்டுகளின் முன்னுரிமையை மாற்றி வைத்துத்தான் அதே வசதியை உண்டாக்க வேண்டும். பெர்ஃப் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதே 2020 டிசம்பரில் வந்த 5.10 கெர்னலில்தான். அதிலும் தானாக இயங்காது, சர்வர் பூட் ஆகும்போது கெர்னலுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இப்போது அதைச் செய்து அதே சர்வரை மறுபடி அளந்தோம். ‘அன்லாக்’ கீழே இறங்கிவிட்டது. மெமரி போதாமல் கெர்னல் மெமரிப் பக்கங்களை (மெமரியின் சிறு துண்டுகளை) தேடித் தேடி விடுவிக்கும் பகுதி மேலே வந்தது. ரேம் கூட்டினால் தீருகிற விஷயம். அந்த வாடிக்கையாளரிடமும் சொல்லியாயிற்று. குழுவில் மட்டும் இதை யாரும் போடவில்லை!

ஆர்ம் சர்வர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த மாற்றத்தைக் கட்டணம் இல்லாமல் செய்து தருகிறோம். ஒரு முறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும், இரவில் வைத்துக்கொள்ளலாம். கெர்னல் வேலை பார்த்த தம்பி பெங்களூரு போய்விட்டதால் முறை வைத்துத்தான் வர முடியும். இது தவிர, தை மாதத்திலிருந்து எங்கள் மாதாந்திரக் கட்டணமும் சற்று மாறுகிறது.

வதந்தியை நம்பாமல் எங்களையே கூப்பிட்டுக் கேட்ட ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரர்களுக்கும், கண்டாங்கிச் சேலைக் கடைக்காரர்களுக்கும், “நீ வேலையைப் பாரப்பா” என்று சொன்ன பலகாரக்கடை ஆச்சிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பழைய அறிக்கையால் யாருக்காவது மனவருத்தம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு நாள் அலுவலகத்துக்கு வாருங்கள். புதியதையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்