பையன்கள் முன்னால், கீபோர்டு பின்னால்: தேவார வகுப்புப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கமுங்க. எனக்கு ஊர் பவானி. கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். என் பையனுக்கு 11 வயது, ஞாயிறு காலையில் தேவார வகுப்புக்குப் போகிறான். போன மார்கழியில் ஒரு கோயில் விழாவில் அந்த வகுப்புப் பிள்ளைகளைப் பாட வைத்தார்கள். கீபோர்டுக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கீபோர்டிலேயே தானாக ஓடும் தாளமான ரிதத்தைத் தட்டிவிட்டு, அதற்கு மேலே வயலின், புல்லாங்குழல், மணி என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனார். 16 பையன்கள் வாயசைப்பது தெரிந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கே ஒரு சொல் காதில் விழவில்லை. இறங்கி வந்த பையன், "அப்பா, நான் பாடுனது கேட்டுச்சா?" என்றான். கேட்டது என்று பொய் சொன்னேன்.

அதற்கப்புறம் பெரியவர்கள் கூடி, பிள்ளைகள் பாடும் மேடையில் இனிமேல் கீபோர்டே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். வேறு சில ஊர்களிலும் இதே பேச்சு இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். உங்கள் கோபம் நியாயமானது, எனக்கும் அதே கோபம்தான். ஆனாலும் முடிவை ஒருமுறை மறுபடி யோசிக்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் சத்தியமங்கலத்தில் கச்சேரி முடித்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். கோபி தாண்டியபோது மணி மூன்று இருக்கும், எல்லோரும் தூக்கம். காதில் ஹெட்போன் மாட்டி எதையோ தேடப்போய் லிபெரா என்ற குழுவின் பாட்டு ஒன்று வந்தது. கவுந்தப்பாடி வருவதற்குள் அதையே நாலு தடவை கேட்டுவிட்டேன். தென் லண்டனில், நார்பரி என்ற பகுதியில் உள்ள புனித பிலிப் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து வளர்ந்தது அது. எல்லாம் பையன்கள், பெரும்பாலும் ஏழு வயதிலிருந்து பதினாறு வரை. 2021இல் காலமான ராபர்ட் ப்ரைஸ்மன் என்பவர்தான் அதை உருவாக்கியவர். பாடுவதில் பல, நூற்றாண்டுகளாகச் சொல்லப்படும் லத்தீன் ஜெபங்கள். அவர்களுடைய ‘சாங்க்டஸ்’ 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகெல்பெல்லின் கேனான் மெட்டின் மேல் கட்டியது. பின்னால் ஒலிப்பதில், என் கீபோர்டு மாதிரி மின்சாரத்தில் ஒலி எழுப்பும் சிந்தசைசரும் இருக்கிறது. ஆனால் கேட்பவர் மனதில் நிற்பது பையன்களின் குரல் மட்டும்தான்.

ஏன் அப்படி இழுக்கிறது என்று தொழில்காரனாக யோசித்துப் பார்த்தேன். குரல் உடையும் முன் பையன்களின் குரல்நாண் குட்டையாக, மெல்லியதாக இருக்கும். அதிர்வு அதிகம் சேராமல், இழுத்துக் கட்டிய பாவு நூல் மாதிரி நேராக வரும். பத்துப் பேர் ஒரே சுரத்தில் நின்றால் யார் குரல் எது என்று பிரிக்க முடியாது. அவ்வளவு உயரத்தில் நிற்கும் குரலுக்குக் கீழே ஒரு தரை வேண்டும். பழைய தேவாலயங்களில் கல் அந்த வேலையைச் செய்தது, பாடி நிறுத்திய பின்னும் ஒலி கொஞ்ச நேரம் தங்கும். நம் கருங்கல் மண்டபமும் அப்படித்தானே? கொடுமுடிக் கோயிலுக்குள் நின்று ஒரு பையன் பாடினால் தூண்கள் கூடவே பாடும். இன்றைக்கு நம் பிள்ளைகள் பாடுவது தகரக் கொட்டகையிலும் துணிப்பந்தலிலும். குரல் வாயைவிட்டு வந்ததும் செத்துவிடுகிறது. மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் சிந்தசைசர் ஒலியை, நாங்கள் ‘பேட்’ என்போம், அதைச் சன்னமாக அடியில் விரித்தால் பந்தலிலேயே ஒரு கல்மண்டபம் கிடைக்கும்.

என் கீபோர்டில் ‘காயர்’, அதாவது பாடகர் குழு, என்று ஒரு பொத்தான் உண்டு. எந்தக் கட்டையை அமுக்கினாலும் நூறு பேர் சேர்ந்து "ஆ" என்பார்கள். நமச்சிவாய என்று சொல்ல அதற்கு நாக்கில்லை. சொல் பையன்களிடம் இருக்கிறது, மூச்சு விடாமல் பிடித்து நிற்பது மட்டுமே மிஷினுக்குத் தெரியும். இரண்டும் அததன் இடத்தில் இருந்தால் சண்டையே இல்லை.

மரபு கெடும் என்ற அச்சம் புரிகிறது. கட்டை வைத்த கருவிக்குச் சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் வராது என்றுதான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971இல்தான் தடை தளர்ந்தது. இன்று எத்தனையோ தேவார வகுப்புகளில் அந்த ஆர்மோனியம் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சுருதிப் பெட்டியும் கரண்டில் ஓடுவதுதானுங்களே.

செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சுருதி. சொல்லிக்கொடுக்கும் ஐயா தன் தொண்டைக்கு ஏற்றபடி சுருதியை ஒன்றாம் கட்டையில் வைத்துக்கொள்கிறார். பையன்களுக்கு அது கீழே எட்டாது, மேலே போனால் கத்த வேண்டியிருக்கிறது. ஐந்து, ஐந்தரைக் கட்டைக்கு மாற்றிப் பாருங்கள், அதே பிள்ளைகளா என்று இருக்கும். அடுத்தது எந்தப் பதிகம் என்பது. சுந்தரர் கொடுமுடியில் பாடிய நமச்சிவாயப் பதிகத்துக்குப் பண் பழம்பஞ்சுரம், இன்று சங்கராபரண ராகத்தில் பாடுகிறோம். மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் சுரங்களே அதற்கும் என்பதால் கீபோர்டு ஒலி உறுத்தாமல் அடியில் சேரும். கமகம் கனத்த பண்களில் பல சுரங்களைச் சேர்த்து அமுக்கும் கார்டு வைக்கவே கூடாது, சட்ஜமும் பஞ்சமமும் போதும். ரிதம் அறவே கூடாது. தாளத்துக்கு ஐயா கையில் இருக்கும் ஜால்ரா போதும்.

பிள்ளை ஒவ்வொருவனும் அடியைத் தனியாக எடுக்கட்டும், ‘சொல்லும் நா நமச்சிவாயவே’ என்று முடியும் இடத்தில் எல்லோரும் சேரட்டும். அந்த ஒரு இடத்தில் மட்டும் பேட் கொஞ்சம் ஏறினால் எப்படி இருக்கும் என்று வீட்டில் என் பையனை வைத்துப் பார்த்தேன். சமையல்கட்டில் இருந்த என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு 74 வயது, கீபோர்டு சத்தமே ஆகாது.

பெண் பிள்ளைகளும் அருமையாகப் பாடுகிறார்கள், அவர்களுக்கும் இது பொருந்தும். பையன்களுக்காக அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்றில் குரல் உடையத் தொடங்கும், ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். அதற்கு முன்பே டியூஷன், கிரிக்கெட் என்று பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். தான் பாடியது நாலு பேருக்குக் கேட்டது என்று தெரிந்தால் நிற்க மாட்டார்கள். முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட அவிநாசி நம் மண்ணில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் ஒரு பையன் குரல் ஸ்பீக்கர் சத்தத்துக்குள் காணாமல் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வரும் மார்கழிக்கு முன்னால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அரைமணி நேரம் கொடுங்கள். கீபோர்டும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் நானே எடுத்துவருகிறேன், காசு எதுவும் வேண்டாம். ஒலி கூட்டிக் குறைக்கும் குமிழ் உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளைகளின் ஒரு சொல் மறைந்தாலும் அணைத்துவிடுங்கள், நான் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா,
பவானி